அப்பா சொல்லும் சாட்சி

ஜூன் 17, ஞாயிறு

இந்த நோட்டு உன் கையில் கிடைத்திருந்தால், நீ யாராக இருந்தாலும், தயவுசெய்து மூடிவிடு. மூட மனம் வராவிட்டால் படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. அம்மாவிடம் காட்டாதே. பாஸ்டரிடம் காட்டாதே. அப்பாவிடம்— வேண்டாம். நீ நோனோயாக இருந்தால், தம்பி, உனக்கு எட்டு வயதுதான் ஆகிறது, இதெல்லாம் உனக்கு வேண்டாம், போய்த் தூங்கு.

இன்று தந்தையர் தினம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ச் சபையில் அப்பாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா சவாரி ஓட்டுகிற டிரைசைக்கிளில், அந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில், நாலு பேரும் போனோம். அதன் பின்பக்கத்தில் ‘கர்த்தர் என்னை மாற்றினார்’ என்று சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. அப்பா தன் கையாலேயே எழுதியது.

அப்பாவின் சாட்சி எனக்கு மனப்பாடம். எங்கே நிறுத்துவார், எங்கே தண்ணீர் குடிப்பார், எங்கே குரல் உடையும், எல்லாம் தெரியும். “நான் என் பிள்ளைகளைப் பயற்றின்மேல் முட்டி போட வைத்த பாவி” என்று ஆரம்பிப்பார். காய்ந்த பாசிப்பயற்றைத் தரையில் கொட்டி, அதன்மேல் வெறும் முட்டியை வைத்து, இரண்டு கையையும் விரித்து, சாமி மாடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் சின்ன வயதில் அப்படி இருந்தவர்கள்தான். மீதிப்பேர் தங்கள் பிள்ளைகளை அப்படி வைத்தவர்கள். அதனால் சீக்கிரமே அழுதுவிடுவார்கள். பிறகு, போன வருஷம் இலோயிலோ நகரத்தில் நடந்த ஆண்கள் முகாமில் கர்த்தர் தன்னையே முட்டி போட வைத்ததைச் சொல்வார். பிறகு எங்களை மேடைக்குக் கூப்பிடுவார்.

எனக்கு ஒரே ஒரு வரிதான். “என் அப்பா இப்போது எங்களை அடிப்பதில்லை.”

கைதட்டல் நிற்கவே இல்லை. ஒரு அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “நீ எவ்வளவு குடுத்து வெச்சவ, கண்ணு” என்றாள். அவள் கழுத்தில் பவுடர் வாசனை. விடவே மாட்டாள் போலிருந்தது. எனக்கும் விடவேண்டாம் போலத்தான் இருந்தது.

 வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் மேடையில் சிரிக்கவில்லையாம், முகத்தை உம்மென்று வைத்திருந்தேனாம், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். பிறகு அம்மாவிடம் பயற்று டப்பாவைக் கேட்டார்.

இன்று கொஞ்ச நேரம்தான். எரிகிறது, அவ்வளவுதான்.

ஜூன் 20, புதன்

முட்டிவரை எதற்குச் சாக்ஸ் என்று வகுப்பில் மிஸ் கேட்டார். கொசு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 29, வெள்ளி

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பயற்றுக் குழம்புதான். எங்கள் வீட்டிலும். தரையிலிருந்து பொறுக்கிய பயற்றை அம்மா மூன்று தண்ணீர் விட்டு அலசி, கருவாடு போட்டு, முருங்கைக்கீரை தூவி வைப்பாள். நோனோய் தட்டைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது அக்கா முட்டி போட்ட பயறா, கடைல வாங்கினதா?” என்றான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். எனக்குப் புரையேறிவிட்டது. வெளியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷமான குடும்பம் என்று நினைத்திருப்பார்கள். பொய்யும் இல்லை. அந்த நிமிஷம் அப்படித்தான் இருந்தது.

முன்னே மாடத்தில் குழந்தை இயேசு சிலை இருந்தது. சிவப்பு அங்கி, தங்க நிறக் கிரீடம். அதைப் பார்த்துக்கொண்டுதான் முட்டி போடுவோம். முகாமுக்குப் போய்வந்த பிறகு அப்பா இந்தப் புதுச் சபைக்கு மாறிவிட்டார். சிலையை எடுத்துவிட்டு மரச்சிலுவை மாட்டினார். சிலையை அம்மா தூக்கிப்போடவில்லை. துண்டில் சுற்றித் துணிப்பெட்டியின் அடியில் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியும். மாடத்தில் ஆள் மாறியாச்சு. கீழே பயறு அதேதான்.

ஆனால் நடுவில் கொஞ்ச நாள் உண்மையாகவே நின்றது. அதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் எழுதியதாகிவிடும். முகாமிலிருந்து வந்த அன்று அப்பா ஒரு பேசின் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, என் காலையும் நோனோய் காலையும் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் கழுவினார். தலையைத் தூக்கவே இல்லை. அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் பார்க்காதபோது செய்தது அது. அதனால் அது நிஜம்தான் என்று நான் இன்னும் நம்புகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் யாரும் பயப்படவில்லை. பிறகு சாட்சி சொல்லக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு சபை, இன்னொரு சபை. பிறகு ஒருநாள் நோனோய் வண்டிச் சாவியைத் தொலைத்தான்.

பயற்றைக்கூடத் தாங்கிவிடலாம். முடிந்ததும் எழுந்து போய், பெரியவர்களை வணங்குகிற மாதிரி அப்பாவின் கையை எடுத்து நெற்றியில் வைத்து, நன்றி அப்பா, என்னைத் திருத்தினதுக்கு, என்று சொல்ல வேண்டும். அதுதான் தாங்காது. கால் மரத்துப்போய் நடக்க வராது. அம்மா பின்னாலிருந்து தள்ளுவாள். “போ, கையை எடு. அவர் இல்லேன்னா நீங்க ஏது?”

ஜூலை 4, புதன்

ஜெபத்தில் ‘பிதாவே’ என்று சொல்ல வாய் வருவதில்லை.  இயேசுவே என்று மட்டும் ஆரம்பிக்கிறேன். இது பாவமா? யாரிடம் கேட்பது?

ஜூலை 15, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் பெனித்தோ அறிவித்தார். செப்டம்பர் ஒன்பதாம் தேதி சபையின் ஆண்டு விழா. இலோயிலோவிலிருந்து பெரிய பாஸ்டர்கள் வருகிறார்கள். அன்று அப்பாவைக் குடும்ப ஊழியத்துக்குத் தலைவராக்கி, தலையில் கைவைத்து ஜெபிக்கப் போகிறார்கள். இந்தக் கரையோரச் சபைகளிலெல்லாம் குடும்பங்களுக்குள் சண்டை வந்தால் இனி அப்பாதான் போய்ப் புத்தி சொல்வாராம். அதற்கு முன்னால் நான் தனியாக மேடையேறி ஐந்து நிமிஷம் சாட்சி சொல்ல வேண்டும். பிள்ளையின் வாயால் வந்தால்தான் நம்புவார்கள் என்றார் பாஸ்டர். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. வரும்வழியில் சுட்ட கோழி வாங்கினார். ஒரு காலை எனக்கே பிய்த்துக் கொடுத்தார். “என் பொண்ணு பேசறதைக் கேட்டு இலோயிலோவே அழப்போகுது பாரு” என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழைய பாட்டைப் பாடிக்கொண்டே வண்டியைத் துடைத்தார். அப்பாவுக்கு நல்ல குரல்.

இன்று அப்பாவை எனக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

ஒரு வரிப் பொய்யே எனக்கு இப்படி இருக்கிறது. ஐந்து நிமிஷம் எப்படிச் சொல்வேன்? கர்த்தருடைய வீட்டில் நின்றுகொண்டு. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அதை நினைக்கவே வேண்டாம்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

நான் சொல்லவேண்டிய சாட்சியை அப்பாவே எழுதிக் கொடுத்துவிட்டார். அதை மனப்பாடம் பண்ணி, ராத்திரி சாப்பிட்டதும் அப்பா முன்னால் சொல்லிக்காட்ட வேண்டும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது: “முன்பெல்லாம் நாங்கள் முட்டி போட்டுக் கண்ணீர் விட்ட வீட்டில், இன்று நாங்கள் முட்டி போடுவது ஜெபத்துக்காக மட்டுமே.” அந்த இடம் வந்தாலே எனக்கு அடுத்தது மறந்துபோகிறது. வேண்டுமென்று செய்யவில்லை. நிஜமாகவே மறந்துபோகிறது.

இன்று மூன்றாவது முறையும் அங்கேயே நின்றேன். அப்பா கத்தவில்லை. முகாமுக்கு அப்புறம் அவர் கத்துவதே இல்லை. பாஸ்டர் மாதிரி மெதுவாகப் பேசுகிறார். அப்படியே சிலுவைக்கு முன்னால் முட்டி போட வைத்தார். கையை விரி என்றார். இப்போது சொல்லு என்றார்.

சொன்னேன். பயற்றின்மேல் இருந்துகொண்டு, இன்று எங்கள் வீட்டில் நாங்கள் முட்டி போடுவது ஜெபத்துக்காக மட்டுமே என்று சொன்னேன். தடுமாறாமல் கடைசிவரை வந்துவிட்டது. பாத்தியா, இப்ப வருது இல்ல, என்றார் அப்பா. அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். தான் சொல்வது தனக்கே கேட்கவில்லையா? எப்படிக் கேட்காமல் இருக்கும்? எனக்குப் பைத்தியம் பிடிக்குமா, அவருக்கா?

அம்மா அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டே இருந்தாள். ஒரே தட்டைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்பா கையை எடுத்து நெற்றியில் வைத்தேன். நன்றி சொன்னேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

மழை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 18, சனி

சொல்லிட்டேன். ஐயோ, சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்?

விழாவுக்கு எனக்கு வெள்ளைப் பாவாடை தைக்க பாஸ்டரின் மனைவி சிஸ்டர் லோர்னா அளவெடுத்துக்கொண்டிருந்தார். வாயில் குண்டூசி. கீழே குனிந்து இடுப்பிலிருந்து முட்டிக்கு நாடாவைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். சாக்ஸ் நழுவியிருந்தது. முட்டி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழி, ரெண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. குண்டூசியை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். “ஜோவி, இது எப்போ நடந்தது?” என்றார்.

என்ன என்று கேட்கவில்லை. எப்போ என்றுதான் கேட்டார். அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதனால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். நேற்று ராத்திரி, சிஸ்டர், என்றேன். சொன்னதும் எல்லாம் கொட்டிவிட்டது.

அவர் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நீ பயப்படாதே, நான் பாஸ்டர்கிட்ட பேசறேன் என்றார். வேண்டாம் என்று கெஞ்சினேன். வேற யாருகிட்டடி பேசுவேன் என்றார். அதுவும் சரிதான். எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகஸ்ட் 21, செவ்வாய்

பாஸ்டர் வந்தார். முதலில் சாப்பிட்டார். அம்மா மீன் வறுத்திருந்தாள். பிறகு அப்பாவும் அவரும் வாசல் பெஞ்சில் வெகுநேரம் பேசினார்கள். அப்பா அழுதார். நான் விழுந்துட்டேன் பாஸ்டர், நான் விழுந்துட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாஸ்டர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். எனக்குக்கூட அந்த நேரம் ஒரு ஆசை வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே—

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

பாஸ்டர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார். அப்பா தப்பை ஒத்துக்கொண்டாராம், கர்த்தர் அதை மன்னித்து மறந்துவிட்டாராம். இப்போது என் தப்பைப் பார்க்க வேண்டுமாம். “வீட்டு விஷயத்தை வெளில கொண்டுபோனா அது உங்க அப்பா முகத்துல நீயே கரி பூசற மாதிரி. உங்க அப்பா சாட்சியைக் கேட்டு எத்தனை தகப்பன்மாரு கையை இறக்கியிருக்காங்க தெரியுமா? அந்தப் பிள்ளைகளை நினைச்சுப் பாரு, ஜோவி.”

நினைத்துப் பார்த்தேன். அதுதான் என்னை அடித்துப்போட்டது. அவர் சொல்வது பொய் இல்லை. போன மாதம் ஒரு மீன்காரர் வந்து, அண்ணே, உங்க பேச்சைக் கேட்ட நாளிலிருந்து நான் என் பையனைத் தொடுவதில்லை என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எங்கேயோ ஒரு பையன் இன்று பயமில்லாமல் தூங்குகிறான், எங்கள் பொய்யால். அப்படியானால் நான் சொல்ல வேண்டியது என்ன? அவன் தூக்கத்தையும் கெடுக்க வேண்டுமா?

அப்பா கையை எடுத்து நெற்றியில் வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார் பாஸ்டர். கேட்டேன். அவர் எங்கள் எல்லோருக்காகவும் ஜெபித்தார். போகும்போது, ஒன்பதாம் தேதி நல்லா பண்ணு என்று தலையைத் தட்டினார்.

சிஸ்டர் லோர்னா வரவில்லை.

ஆகஸ்ட் 22, புதன்

அப்பா அடிக்கவில்லை. பேசவும் இல்லை.

ஆகஸ்ட் 25, சனி

இன்னும் பேசவில்லை. என்னோடு மட்டும் இல்லை, யாரோடும். சாதம் வேண்டுமா என்று அம்மா கேட்டால் சுவரைப் பார்க்கிறார். காலையில் கிளம்பும்போது அவர் கையை எடுத்து நெற்றியில் வைக்கப் போனேன், அதைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார். நோனோய் என்னிடம் வந்து, “அக்கா, நீ போய் ஏதாவது தப்பு பண்ணேன், அவரு பேசிடுவாரு” என்றான்.

செப்டம்பர் 2, ஞாயிறு

சபையில் எல்லோரோடும் பேசினார், சிரித்தார். வண்டியில் ஏறியதும் நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் 6, வியாழன்

இன்று பேசினார்.

நோனோய் பள்ளியில் பென்சில் டப்பாவைத் தொலைத்துவிட்டு வந்தான். அதற்குத்தான் தண்டனை என்றார். அதற்கில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “உனக்கு வாய் நீளம். உன்னைத் தொட்டா ஊருக்கே கேக்கும். இவன் சமத்து.” பயற்றைத் தன் கையாலேயே கொட்டினார்.

நான் போடறேன் அப்பா, எனக்குப் பதிலா அவன் வேண்டாம்ப்பா, நான் போடறேன் என்றேன். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அவர் நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார். நோனோய்க்குக் கை சீக்கிரம் தொங்கிவிடும். தொங்கும்போதெல்லாம் நேரம் கூடும். கடைசியில் அவன் அழவும் இல்லை. சிலுவையையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். என்னடா சொன்னே என்று பிறகு கேட்டேன். ஸாரி சொன்னானாம். இயேசுவுக்கு.

எனக்கு நடந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது.

முடிந்ததும் அப்பா கையை நீட்டினார். நோனோய் எழுந்து, எப்போதும்போல அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போ, கையை எடு என்று சொல்லவேண்டிய இடம் அது. அவள் சொல்லவில்லை.  அப்பா கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தார். பிறகு நோனோய் தானாகவே போய் எடுத்தான்.

செப்டம்பர் 7, வெள்ளி

அப்பா சவாரிக்குப் போயிருந்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.  பிறகு முறத்தைப் பார்த்துக்கொண்டே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். முதல் நற்கருணை வாங்கும் நாளன்று வெள்ளை கவுனோடு அவளை முட்டி போட வைத்தாராம், கவுனில் ரத்தம் பட்டதற்கு மறுபடியும் வைத்தாராம். அவர் சாவுக்கு ஏழு பிள்ளைகளும் வந்து நின்று, அவர்தான் எங்களை நேராக்கினார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்களாம். அவளும் பேசினாளாம்.

“ஏழு பேருல ஒருத்தராவது நேரா இருக்கோமாடி?” என்றாள். ஒரு மாமா குடித்தே செத்தார். ஒரு பெரியம்மாவுக்குப் பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை இல்லை. மற்றதை அவள் சொல்லவில்லை.

பிறகு சொன்னாள். “நேத்து நின்னுக்கிட்டு இருந்தப்பதான் தோணிச்சு. அந்தச் சிலுவையைப் பாத்து முட்டி போடச் சொல்றாரே உங்க அப்பா. அதுல தொங்கினவரு யாரு? அடிச்சவரா, அடி வாங்கினவரா? இத்தனை வருஷமா நான் அடிக்கறவங்க பக்கத்துலயே அவரை நிக்க வெச்சிருந்திருக்கேன்.”

 ஜெபத்தில் பிதாவே என்று வரவில்லை என்று மட்டும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “வரலைன்னா விடு. அவருக்குக் காரணம் தெரியும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்ய என்று கேட்டேன். தெரியலடி என்றாள். போக இடம் இல்லை, இலோயிலோவில் மாமா வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர், அப்பா வண்டி ஓட்டினால்தான் அரிசி. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அப்புறம் எழுந்துபோய் உலை வைத்தாள்.

செப்டம்பர் 8, சனி

வெள்ளைப் பாவாடை வந்துவிட்டது. முட்டிக்குக் கீழே ஒரு சாண் அதிகமாகத் தைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 9, ஞாயிறு

வேகமாக எழுத வேண்டும். கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.

மண்டபம் நிறைந்து வெளியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பா நீலச்சட்டையில் முதல் வரிசையில், பெரிய பாஸ்டர்களோடு. என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் என் உயரத்துக்கு இல்லை, யாரோ வந்து இறக்கினார்கள்.

ஸ்தோத்திரம் சொன்னேன். என் அப்பா, என்றேன். அதோடு நின்றுவிட்டது. மறக்கவில்லை. எல்லா வரியும் தலையில் இருந்தது. அப்பா கீழேயிருந்து வாயை அசைத்து எடுத்துக்கொடுத்தார், சிரித்துக்கொண்டே. நோனோயைப் பார்த்தேன். அவனுக்கு முழுப் பேன்ட் போட்டிருந்தார்கள். பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. அப்படியே நின்றேன். அழுகை மட்டும் வந்தது.

அவர்கள் கைதட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லோரும். அல்லேலூயா என்றார்கள். பாவம், பிள்ளைக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை என்று மைக் இல்லாமலே சொன்னார் பாஸ்டர்.  நான் வாயைத் திறக்காமலே பொய் சொல்லியாயிற்று. இதிலிருந்து வெளியே வரவே முடியாது என்று அப்போது தெரிந்தது. பேசினாலும் பேசாவிட்டாலும் ஒன்றுதான்.

அம்மா எழுந்து வந்தாள். என்னைக் கட்டிக்கொள்ள வருகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அம்மா இதுவரை மேடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்டாண்டிலிருந்து மைக்கை எடுத்தாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

“என் பொண்ணு அழறது சந்தோஷத்துல இல்ல. என் வீட்டுக்காரர் இன்னும் பிள்ளைங்களை முட்டி போட வெக்கறாரு. வியாழக்கிழமை என் பையன் போட்டான். நான் பாத்துக்கிட்டு நின்னேன். இத்தனை நாளா இங்க வந்து நின்னு, அதை மறைச்சேன். ஆண்டவர் என்னை மன்னிக்கணும். பிள்ளைங்களும் மன்னிக்கணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. எங்கேயும் நிறுத்தவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை.

  பிறகு பாஸ்டர் கண்ணைக் காட்ட, கீபோர்டு வாசிக்கிறவர் மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார். இந்தக் குடும்பத்துக்காக ஜெபிப்போம், சத்துருவாகிய சாத்தான் தாக்குகிறான் என்றார் பாஸ்டர். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எங்களைப் பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது. அந்த மீன்காரர் மட்டும் மூடவில்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்பாவின் தலையில் யாரும் கைவைத்து ஜெபிக்கவில்லை. இன்னொரு நாள் என்றார்கள். விருந்தில் எங்கள் மேசைக்கு யாரும் வரவில்லை. சிஸ்டர் லோர்னா ஒரு பொட்டலத்தில் நூடுல்ஸ் கட்டி அம்மா கையில் திணித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று பேரும் நடந்தோம். என் வெள்ளைப் பாவாடையெல்லாம் சேறு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இலோயிலோ மாமாவுக்கு போன் செய்தாள். அவர் கத்தியது எனக்கே கேட்டது. மானத்தை வாங்கிட்டியே, போய்க் காலில் விழு, பிள்ளைகளையும் விழச் சொல்லு. அம்மா சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

என்ன மாறிவிட்டது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாளைக்கு அரிசிக்கு யார் தருவார்கள்? பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அப்பா இன்று ராத்திரி என்ன செய்வார்? அம்மா சொன்னதால் நல்லது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மேடையிலிருந்து இறங்கும்போது நோனோய் அம்மாவின் இந்தப் பக்கக் கையைப் பிடித்துக்கொண்டான், நான் அந்தப் பக்கக் கையை.

அப்பா வந்து கொஞ்ச நேரம் ஆகிறது. பாஸ்டரும் கூட வந்திருக்கிறார். இன்னும் யாரோ ரெண்டு பேர், சபை மூப்பர்கள் என்று நினைக்கிறேன். மூங்கில் தரை இடுக்கு வழியாகக் கீழே விளக்கு தெரிகிறது. பேச்சு எல்லாம் கேட்கிறது. பொண்ணைக் கீழே கூப்பிடுங்க சிஸ்டர், அப்பா கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லட்டும், நீங்களும் அடுத்த ஞாயிறு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, எல்லாத்தையும் இன்னைக்கே முடிச்சுடலாம் என்கிறார் பாஸ்டர்.

அம்மா தட்டை எடுத்து வைக்கிற சத்தம் கேட்கிறது.

மறுபடியும் கேட்கிறார்.

“அவ வரமாட்டா, பாஸ்டர்.” அம்மாவின் குரல்தான். “நான் கூப்பிடவும் மாட்டேன்.”

நாற்காலி நகர்கிறது. இல்லை, மேலே போகாதீங்க என்கிறாள் அம்மா. படியில் யாரோ ஏறுகிறார்கள். கனமான கால். நோனோய் விழித்துவிட்டான், என் கையைப் பிடிக்கிறான், எழுத முடியவில்லை. கதவைத் தட்டு